குழுக் கொப்பி

மார்கழி மழை விடாமல் ஊத்தின கிழமை.
கிரானில் லோஜினிட வீடு:
பத்தடிக்குப் பத்தடி, நாலு பக்கமும் தகரம்.
ஜன்னலுக்கு விட்ட ஓட்டையை
உரப்பையால் இறுக்கிக் கட்டியிருந்தது, தூவானத்துக்கு.
உள்ளே ஏழு பெண்கள், இரண்டு பிள்ளைகள்.
வெளியே தாழ்வாரத்தில்
கம்பனிப் பொடியன் மழைக்கோட்டோடு
ஃபோனைப் பார்த்துக்கொண்டு.

ஆறு பேர் கட்டினோம்.
நேசமலரிட தவணை மட்டும் வரவில்லை:
ஆயிரத்து இருநூற்றெண்பது.

ஒருத்தி கட்டாவிட்டால் ஒருத்தரும் எழும்பக் கூடாது.
அது சட்டம். எந்தச் சட்டப் புத்தகத்தில் எண்டு
நாங்கள் கேட்டதில்லை.
கையெழுத்துப் போட்ட அன்று
ஆளுக்கொரு சோடாவும் கேக்கும் தந்தார்கள்.

நான்தான் குழுத்தலைவி.
நான்தான் எழும்பிப் போய்
கதவுக்குக் கொளுக்கியைப் போட்டேன்,
அவ போய்விடாமல் இருக்க.

"உமித்தூசிகா" எண்டா நேசமலர், இருமி முடித்து.
ஐப்பசியிலும் அதையே சொன்னா.
ஆலையில் நெல் அவிக்கிறவ; பொய் எண்டு ஆர் சொல்வது?
பாமசியில் சிவப்புப் பாணி ஒண்டு,
மறுகா பச்சையில் ஒண்டு.
ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும்,
சம்பளம் போனால் புதன் வரும்.
புதன் எங்களுக்குக் கிழமை இல்லை,
படலையில் வந்து நிற்கிற ஒரு ஆள்.
மத்தியானச் சோற்றை அவ எப்போது நிற்பாட்டினா எண்டு தெரியாது.
பிளவுசை இரண்டு தரம் பிடித்துத் தைத்திருந்தது மட்டும்
கண்ணில் பட்டது.

இருட்டும் வரை இருந்தோம்.
லோஜினிட சின்னது
நேசமலரிட மடியிலேயே நித்திரையாகிப் போச்சு.
மாறி மாறிக் கத்தினோம்.
"எங்கட பிள்ளைகளுக்கும் பசிக்குது, கட்டித் துலையன்கா."
அது நான் சொன்னது.
சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு
அவ இருமினா, கெஞ்சினா, இருமினா.
குண்டுமணியளவு தோட்டைக் கழற்றி
தர்மாவதிட கையில் வைத்து, அவ காசு தந்த பிறகு
கொளுக்கியை எடுத்தேன்.

தையில் வெள்ளம் வடிந்தது.
மாசியில் நேசமலர் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்.
சளி சோதித்தார்கள். காசம்.
ஊருக்குள் அந்தச் சொல்
குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது.
மகளுக்கு வந்துகொண்டிருந்த கலியாணப் பேச்சு
பாதி வழியில் திரும்பிப் போச்சு.

பி.எச்.ஐ. வந்தார்.
"மூடின இடத்தில, கனநேரம்,
ஆர் ஆரோட இருந்தவ?"
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
கிணற்றடியில் நாளைக்கு
ஆரை ஆர் தள்ளி வைப்பார்களோ.

நான் உள்ளே போய்
அரிசிப் பானைக்குள் இருந்த குழுக் கொப்பியை
எடுத்து வந்து கொடுத்தேன்.
எல்லாம் இருந்தது அதில்:
பேர், அடையாள அட்டை இலக்கம்,
எந்தப் புதன், ஆர்ட வீடு,
எத்தனை மணிக்குக் கலைந்தது.
பார்த்து எழுதத் தொடங்கினவர்
நிற்பாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.
கடனுக்குப் பிணை நிண்ட வரிசையிலேயே
எங்களைக் கூப்பிட்டார்கள்.

தர்மாவதிக்கு இல்லை. கோகிலத்துக்கு இல்லை.
எனக்கு இல்லை.
லோஜினிக்கு உண்டு.
மடியில் நித்திரை கொண்டதுக்கும்.
பொடியனையும் விசாரித்தார்.
அவன் வெளியே நிண்டவன், காற்றில்.

விடியக்காலை வெறும் வயிற்றில் நாலு மாத்திரை.
மூத்திரம் செம்மஞ்சளாப் போகுது எண்டு
பயந்துபோய் என்னிடம்தான் வந்து சொன்னா.
மாத்திரை இனாம்.
மாத்திரைக்குப் பிறகு வாற பசி இனாம் இல்லை.
மாத்திரை ஆறு மாதத்தில் முடியும்;
தவணை இன்னும் எழுபத்தொரு புதன்.

இந்தப் புதன்
பாயைக் கொண்டுபோய் முற்றத்து வம்மி மரத்தடியில் விரித்தேன்.
"வீட்டுக்குள்ளதான் கூட்டம் வைக்கணும், அக்கா."
"வெயில்ல இருந்து எண்ணு, தம்பி.
காசுக்கு ஒண்டும் ஆகாது."

நேசமலர் தானாகவே
ஒரு ஓரமாய்த் தள்ளி, மண்ணில் இருந்தா.
நான் பாயை அவ பக்கம் இழுத்தேன்.
முழுக்க இல்லை.
ஒரு முழம்.